கடலை அளந்தவரின் இரண்டாம் பணி

மலாக்கா நகரக் கரையில் நின்று கடலை நோக்கினால், எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள மலாக்கா நீரிணை, உலகின் பரபரப்பான கடல்வழிகளுள் ஒன்றாகும். 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. அங்குத் தமிழர் சீவிய ரப்பரும் கடல் வழியாகவே வெளிநாடுகளுக்குச் சென்றது.

மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் சமதளம்போல் தோன்றும். ஆனால், அடியில் மணல்மேடுகளும் பாறைகளும் மறைந்துள்ளன. சிலாங்கூர் கடற்பகுதியில் 'பெர்மாத்தாங் செடெப்பா' என்னும் மணல்மேடு உண்டு. 'டெப்பா' என்பது இரு கைகளையும் விரித்த அளவு. தமிழ் மீனவர்கள் இதனைப் 'பாகம்' என்பர். இஃது ஏறக்குறைய 1.8 மீட்டராகும். ஒரு பாக ஆழமே உள்ள மேடு என்று பெயரே கப்பலோட்டிகளை எச்சரிக்கிறது.

கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் துறை நீர்நிலை அளவியல் எனப்படும். முற்காலத்தில் அளவையாளர்கள் ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினர். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டிவரும் மணலையோ சேற்றையோ கண்டு கடலடியின் தன்மையை அறிந்தனர். இன்று கப்பலிலிருந்து ஒலியலைகளை அனுப்பி ஆழத்தை அளக்கின்றனர். கடல்நீரில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 0.04 வினாடியில் திரும்பினால், அது போய்வந்த தூரம் 60 மீட்டர்; எனவே, ஆழம் 30 மீட்டர். கடல்நீர் ஏறி இறங்குவதால் அந்த நேரத்து நீர்மட்டத்தையும் கணக்கிட வேண்டும். மேலும், நீரோட்டத்தால் மணல்மேடுகள் இடம்பெயர்வதால், அளந்த இடத்தையே மீண்டும் அளக்க வேண்டியுள்ளது.

இப்பணியில் ஏற்படும் சிறு பிழையும் பெருங்கேட்டை விளைவிக்கும். 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'ஷோவா மாரு' என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டியது. ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கலந்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய நாடுகள் இணைந்து இக்கடல்வழியை அளந்துவந்த காலம் அது. பின்னர், எதிரெதிரே செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டு, 1981இல் நடைமுறைக்கு வந்தன. பெரிய கப்பலின் அடிப்பகுதிக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் விதியாயிற்று. இவ்விதியைப் பின்பற்ற நம்பகமான வரைபடம் இன்றியமையாதது.

அளவையாளர்கள் தாங்கள் ஒருபோதும் காணாத மாலுமிகளின் உயிரைக் காக்கின்றனர். இத்தகைய பொறுப்புணர்வு பணியிலிருந்து விலகிய பின்னும் தொடரும் என்பதற்கு வில்லியம் ஸ்கோர்ஸ்பியின் வாழ்க்கை சான்றாகும். 1789இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், சிறுவயதிலேயே தந்தையோடு வடதுருவக் கடலுக்குச் சென்றார். திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவராக இருந்தபோதே கடலின் வெப்பநிலையை அளந்தார், பனித்துகள்களை வரைந்தார். 1822இல் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 400 மைல் நீளத்தை அளந்து வரைபடமாக்கினார்.

பயணம் முடிந்து திரும்பியபோது மனைவி இறந்த செய்தி அவருக்குக் காத்திருந்தது. அதன்பின் அவர் கடல் தொழிலை விட்டார். 1825இல் திருச்சபைப் பணியை ஏற்றார். லிவர்பூல் துறைமுகத்தில் பழைய போர்க்கப்பலொன்று மாலுமிகளுக்கான மிதக்கும் தேவாலயமாக மாற்றப்பட்டபோது, அவரே அதன் அருட்பணியாளரானார். மாலுமிகளின் துன்பத்தை அவர்களுள் ஒருவராக வாழ்ந்து அறிந்தவர் அவர். பின்னர் பிராட்ஃபோர்டு நகரில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் அமையப் பாடுபட்டார்.

எனினும், அவர் கடலை மறக்கவில்லை. இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி தவறான திசையைக் காட்டியதால் பலர் உயிரிழந்தனர். அதற்குத் தீர்வு காண, 1856இல் 66 வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக் காந்த அளவுகளைப் பதிவு செய்தார். மறுஆண்டு அவர் மறைந்தார்.

மலாக்காவிலும் கடலுக்கும் தேவாலயத்துக்கும் பழைய உறவு உண்டு. கடற்பயணத்தில் உயிர்தப்பிய போர்த்துகீசியர் துவார்த்தே கோயல்யோ, நன்றிக்கடனாக 1521இல் குன்றின்மேல் சிற்றாலயம் ஒன்றைக் கட்டினார். அதுவே பிற்காலத்தில் செயின்ட் பால் தேவாலயம் என்று பெயர் பெற்றது. அதன் முன்னே வெண்ணிறக் கலங்கரை விளக்கக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

மலாக்கா நகரிலும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தொண்டூழியத்திற்குத் தேவை குறையவில்லை. தனித்து வாழும் முதியோரைக் காண்பது, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு நடத்துவது ஆகியவற்றுக்கு ஆட்கள் தேவை. தேவாலயமாயினும் கோயிலாயினும், இப்பணிகளுக்குப் பணி ஓய்வு பெற்றவர்களின் கரங்கள் பெருந்துணையாகும். காலந்தவறாமை, கணக்கில் நேர்மை, பிழை நேராமல் மீண்டும் சரிபார்த்தல் ஆகியவை கடலளவையாளரின் பழக்கங்கள். ஒரு முதியவருக்கு வேளை தவறாமல் மருந்து வாங்கித் தருவதற்கும் இவையே வேண்டும்.