தீயணைப்பு கேப்டன் பதவிக்கு ஒரு தேர்வு: நியூ ஹேவன் நகரில் நடந்தது என்ன?

நம் நாட்டில் பொம்பா என்பது மத்திய அரசுத் துறை. 1976 ஜனவரி 1-ஆம் தேதி தீயணைப்புச் சேவை கூட்டரசின் கீழ் வந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான நகரங்களில் தீயணைப்புப் படை அந்தந்த நகராட்சிக்குச் சொந்தமானது. ஆள் எடுப்பது, சம்பளம் கொடுப்பது, தேர்வு வைத்துப் பதவி உயர்த்துவது என எல்லாமே நகராட்சியின் பொறுப்பு.

அந்தப் பதவிகளில் தீயணைப்பு வீரர்கள் பலரும் குறிவைப்பது கேப்டன் பதவி. அதற்கான தேர்வு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய், அமெரிக்க வேலைவாய்ப்புச் சட்டத்தையே புரட்டிப் பார்க்க வைத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 2003-இல் நடந்த தேர்வு அது.

தேர்வு, பதவி உயர்வு, இனம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் இந்த வழக்கு உதவும்.

கேப்டன் என்ன செய்வார்?

அமெரிக்க நகரங்களில் சாதாரண வீரருக்கு அடுத்த படி லெப்டினன்ட். அதற்கு மேல் கேப்டன். அவருக்கும் மேலே பல வண்டிகளையும் நிலையங்களையும் மேற்பார்வையிடும் தலைமை அதிகாரிகள் இருப்பார்கள்.

கேப்டன் ஒரு வண்டிக்கும் அதில் செல்லும் குழுவுக்கும் தலைவர். பல இடங்களில் நிலையத்தின் நிர்வாகமும் அவர் கையில்தான் இருக்கும்.

தீப்பிடித்த இடத்திற்கு முதலில் போய்ச் சேர்பவர் அவர் என்றால், மூத்த அதிகாரி வரும்வரை கட்டளை அவருடையது. எந்த மாடியில் புகை, உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார்களா, கூரை தாங்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் கணித்து வானொலியில் சொல்ல வேண்டும். வீரர்களை உள்ளே அனுப்புவதா, வெளியே நின்றபடி தண்ணீர் பாய்ச்சுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

உள்ளே போனவர்களின் கணக்கும் அவரிடம்தான். எரியும் கட்டடத்திற்குள் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்தே போக வேண்டும். அவர்களுக்கு ஆபத்து என்றால் மீட்க, வெளியே குறைந்தது இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். இது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. உள்ளே இருப்பவர்களை எப்போது வெளியே அழைப்பது என்பதிலும் கேப்டனின் சொல்லுக்குக் கனம் உண்டு. தாமதமானால் ஓர் உயிர் போகலாம்.

தீ இல்லாத நேரத்திலும் ஓய்வு இல்லை. பயிற்சி நடத்துவது, மூச்சுக்கருவி, குழாய், ஏணி ஆகியவற்றைச் சோதிப்பது, வட்டாரக் கட்டடங்களைப் பார்வையிட்டு வழிகளைத் தெரிந்து வைப்பது, அறிக்கை எழுதுவது, குழுவிற்குள் சண்டை வந்தால் தீர்த்து வைப்பது என வேலை நீளும்.

ஆக, நல்ல கேப்டனுக்கு மூன்று வேண்டும்: அறிவு, நிதானம், ஆளை நடத்தும் திறமை. ஒரு தேர்வால் இம்மூன்றையும் அளக்க முடியுமா என்பதில்தான் நியூ ஹேவன் சிக்கல் தொடங்கியது.

தேர்வு எப்படி நடந்தது?

கேப்டன் தேர்வு எழுத, லெப்டினன்ட்டாக ஓராண்டு அனுபவமும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் குறிப்பிட்ட பயிற்சிகளும் தேவை. லெப்டினன்ட் தேர்வுக்கு 30 மாத அனுபவம் போதும்.

எழுத்துத் தேர்வுக்கு 60 விழுக்காடு, வாய்மொழித் தேர்வுக்கு 40 விழுக்காடு மதிப்பு. இந்தப் பங்கீட்டை நகராட்சி புதிதாக வகுக்கவில்லை. தொழிற்சங்கத்துடன் பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருந்தது அது.

தேர்வைத் தயாரிக்க இல்லினாய்ஸ் மாநில நிறுவனம் ஒன்றுக்கு நகராட்சி 1 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த நிறுவனத்தினர் பணியில் இருந்த கேப்டன்களையும் லெப்டினன்ட்களையும் பேட்டி கண்டனர். அவர்களுடன் வண்டியில் ஏறிப் போய் வேலையைப் பார்த்தனர். தேர்வு வெள்ளையருக்குச் சாதகமாகிவிடக்கூடாது என்று, சிறுபான்மை வீரர்களை வேண்டுமென்றே கூடுதலாகக் கேட்டறிந்தனர்.

எழுத்துத் தேர்வில் 100 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மொழிநடை பத்தாம் வகுப்புக்கும் குறைவான தரத்தில் இருந்தது. எந்தெந்த நூல்களிலிருந்து கேள்வி வரும் என்ற பட்டியலைக் கொடுத்து, படிக்க மூன்று மாத அவகாசமும் தந்தனர்.

வாய்மொழித் தேர்வில் கற்பனைச் சம்பவங்களைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மதிப்பெண் போட்டவர்கள் 30 பேர். அனைவரும் வெளி மாநிலத்தவர்கள், உயர் பதவியில் இருந்தவர்கள். மூவர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் இருவர் சிறுபான்மையினர்.

முடிவு வந்ததும் சிக்கல்

கேப்டன் தேர்வை 41 பேர் எழுதினர். வெள்ளையர் 25 பேரில் 16 பேர் தேறினர். கறுப்பினத்தவர் 8 பேரில் 3 பேரும், இஸ்பானிய வம்சாவளியினர் 8 பேரில் 3 பேரும் தேறினர்.

நகராட்சியின் விதிப்படி, ஒவ்வொரு காலியிடத்தையும் பட்டியலில் முதல் மூன்று இடங்களில் இருப்பவர்களில் ஒருவரைக் கொண்டே நிரப்ப வேண்டும். அன்று கேப்டன் காலியிடம் 7. அதற்குப் பரிசீலிக்கத் தகுதி பெற்ற 9 பேரில் 7 பேர் வெள்ளையர், 2 பேர் இஸ்பானிய வம்சாவளியினர். கறுப்பினத்தவர் எவரும் இல்லை. லெப்டினன்ட் பதவிக்கு 8 காலியிடம். தகுதி பெற்ற 10 பேரும் வெள்ளையர்.

அமெரிக்க வேலைவாய்ப்பு வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு. ஓர் இனத்தின் தேர்ச்சி விகிதம், அதிகமாகத் தேறிய இனத்தின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்கையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தத் தேர்வு பாதகம் விளைவித்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. இங்கே வெள்ளையர் தேர்ச்சி 64 விழுக்காடு. அதில் ஐந்தில் நான்கு பங்கு 51.2. மற்ற இரு பிரிவினரும் எட்டியது 37.5 மட்டுமே.

முடிவை ஏற்பதா, தூக்கி எறிவதா? 2004-இல் பல கூட்டங்கள் கூடிய நகராட்சியின் பணியாளர் வாரியம் 2-க்கு 2 என்று சமமாகப் பிரிந்தது. அதனால் பட்டியல் உறுதியாகவில்லை. யாருக்கும் பதவி உயர்வு இல்லை.

இரு தரப்பு நியாயம்

தேறியவர்களில் 17 வெள்ளையரும் இஸ்பானிய வம்சாவளியினர் ஒருவரும் வழக்குப் போட்டனர். வழக்கில் முதல் பெயர் பிராங்க் ரிச்சியுடையது. அவருக்கு டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உண்டு. ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்து நூல்கள் வாங்கி, அவற்றை வாசித்து ஒலிப்பதிவு செய்ய ஒருவருக்குக் காசு கொடுத்து, நாளுக்கு 8 முதல் 13 மணி நேரம் படித்தவர். லெப்டினன்ட் தேர்வு எழுதிய 77 பேரில் 6-ஆவதாக வந்தார். அந்த உழைப்புக்குப் பலன் இல்லை என்று ஆனபோது அவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் பலரும் கருதியதில் வியப்பில்லை.

மறுபக்கம் பார்த்தால் அதற்கும் ஒரு வரலாறு இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் நியூ ஹேவன் மக்களில் 30 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் இஸ்பானிய வம்சாவளியினரும். ஆனால் 502 தீயணைப்பு வீரர்களில் அவர்கள் 3.6 விழுக்காடுதான். 107 அதிகாரிகளில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். 2003-ஆம் ஆண்டளவில் நகர மக்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இவ்விரு பிரிவினர்; அப்போதும் 21 கேப்டன்களில் கறுப்பினத்தவர் ஒருவரே.

தேர்வு நூல்களின் விலை 500 டாலர் வரை ஆனதாகவும் சிலர் கூறினர். தந்தை, மாமன் எனத் தீயணைப்புக் குடும்பத்தில் பிறந்தவர்களிடம் அந்த நூல்கள் முன்பே இருந்தன. மற்றவர்களில் சிலர் நூல் கைக்கு வர ஒன்றரை மாதம் காத்திருந்தனர். மூன்று மாத அவகாசத்தில் பாதி அப்படியே போய்விட்டது. நியூ ஹேவனுக்குப் பொருந்தாத, நியூயார்க் நகரத் தெருவமைப்பை வைத்துக் கேட்கப்பட்ட கேள்வியும் இருந்ததாகப் புகார் எழுந்தது.

நீதிமன்றம் சொன்னது

1964-ஆம் ஆண்டு குடிசார் உரிமைகள் சட்டம் இரண்டைத் தடுக்கிறது. ஒன்று, இனத்தைப் பார்த்து வேறுபாடாக நடத்துவது. மற்றொன்று, எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றினாலும் ஓர் இனத்தை மட்டும் அதிகம் பாதிக்கும் நடைமுறை. வேலைக்கு அது தேவை என்று நிறுவ முடியாவிட்டால் அதுவும் குற்றம்.

முடிவை ஏற்றால் இரண்டாவது தடையை மீறியதாகக் கறுப்பின வீரர்கள் வழக்குப் போடுவார்கள் என்று நகராட்சி அஞ்சியது. முடிவை எறிந்ததே முதல் தடையை மீறியதுதான் என்றனர் தேறியவர்கள்.

கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் நகராட்சி பக்கம் நின்றன. 2009 ஜூன் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றியது. வழக்கு வருமோ என்ற பயம் மட்டும் போதாது. வழக்கு வந்தால் தோற்போம் என்று நம்ப வலுவான ஆதாரம் வேண்டும். நகராட்சியிடம் அது இல்லை என்று நீதிபதி அந்தோணி கென்னடி எழுதினார்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பெர்க் வேறொரு கேள்வி கேட்டார். தீக்கு முன் நிற்கும் தலைமைப் பண்பை எழுத்துத் தேர்வுக்கு 60 விழுக்காடு கொடுத்து அளப்பது சரியா என்று யாரேனும் ஆராய்ந்தார்களா? பக்கத்து நகரமான பிரிட்ஜ்போர்ட்டில் வாய்மொழித் தேர்வுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்த பிறகு அதிகாரிகளிடையே சிறுபான்மையினர் பெருகியதை அவர் சுட்டிக்காட்டினார்.

தீர்ப்புக்குப் பின் 2009 இறுதியில் வழக்குத் தொடுத்தவர்களில் 14 பேர் பதவி உயர்வு பெற்றனர். 2011-இல் ஏறத்தாழ 2 மில்லியன் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது.

நமக்கு என்ன?

ஒரு தேர்வு அனைவருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுப்பதால் மட்டும் நியாயமாகிவிடாது. விளையாட்டு முடிந்த பிறகு விதியை மாற்றுவதும் நியாயமாகாது. எழுத்துக்கு எத்தனை, நேர்காணலுக்கு எத்தனை, நூல்கள் யார் கைக்கு எப்போது கிடைக்கும், மதிப்பெண் போடுபவர் யார் என்பவற்றையெல்லாம் தேர்வுக்கு முன்பே கேட்டுத் தீர்க்க வேண்டும். நியூ ஹேவனில் அந்தக் கேள்விகளை முடிவு வந்த பிறகுதான் கேட்டார்கள். அதற்குள் இரு தரப்பிலும் உழைத்தவர்களின் பல ஆண்டுகள் வீணாகின.

வீட்டில் முதன்முதலாக அரசுப் பணிக்குப் போனவருக்கு, எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தர மாமனோ சித்தப்பாவோ இருப்பதில்லை. பொம்பாவிலோ வேறு துறையிலோ பதவி உயர்வு பெற்ற நம்மவர்கள் ஊரில் இருந்தால், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அந்த வழியைக் காட்டலாம். தேர்வில் வந்த பாடங்கள், நேர்காணலில் கேட்ட கேள்விகள், விண்ணப்பத்தில் தவறவிடக்கூடாத விவரங்கள் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கச் செலவு எதுவும் இல்லை. பழைய நூல்களை எடைக்குப் போடாமல் தமிழ்ப்பள்ளியிலோ ஆலயத்திலோ ஒரு அலமாரியில் வைத்தாலும் போதும்.