வாசியாத நூலும் பொய்ச்சாட்சியும்
ஈரோட்டு அரசியல் வெளியீடுகளை முன்னிட்டு ஆயர்களுக்குச் சில சிந்தனைகள்

பவானியில் நாம் ஆயர் பணியைத் தொடங்கிய ஆண்டுகளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருள்முதல்வாதத்தைக் கண்டித்து அருளுரை ஆற்றினோம். மார்க்சியம் மனிதனை வெறும் வயிறாகவே காண்கிறது என்றும், அதன் அடிப்படை அறிக்கையே இதற்குச் சான்று என்றும் உறுதிபடக் கூறினோம். ஆராதனை முடிந்தபின் முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். வாழ்நாளெல்லாம் ஜமக்காளம் நெய்தவர். சபையில் அதிகம் பேசாதவர். "ஏனுங்கய்யா, அந்தப் பொஸ்தகத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று பணிவோடு வினவினார். தம் இளமையில், தறிக்கூடத்தில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் நெய்துகொண்டே அதைக் கேட்டதுண்டு என்றும் சொன்னார். படித்ததில்லை என்று ஒப்புக்கொள்வதையன்றி நமக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளையை (யாத்திராகமம் 20:16) நாம் மறைக்கல்வி வகுப்பில் சிறுவருக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் நாம் வாசியாத நூலைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து தீர்ப்பளிக்கும்போது, அக்கட்டளையை மீறுகிறோம் என்பதை உணர்வதில்லை. அரசியற் கோட்பாடு, கருத்தியல், உலக நடப்பு ஆகியவை பற்றிய நூல்களை ஆயர் வாசிப்பது அவர்தம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. உண்மை பேசும் கடமையைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனைத் தொலைவிலுள்ள எடுத்துக்காட்டால் அன்றி, நமது மண்ணிலிருந்தே விளக்க முற்படுகிறோம்.

1. ஈரோட்டிலிருந்து வந்த ஏடுகள்

பவானியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஈரோடு. அங்கு 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பெரியார் ஈ. வெ. இராமசாமி 'குடி அரசு' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். சைவ மடத்துத் தலைவரான திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் அதனைத் தொடங்கி வைத்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சமயத்தை மறுத்த ஏடு என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் ஒன்றன் தொடக்கம் அத்துணை எளிமையானதன்று.

மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்டு அறிக்கை, 1931 அக்டோபரில் 'சமதர்ம அறிக்கை' என்னும் தலைப்பில் அவ்வேட்டில் தமிழில் வரத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு, சோவியத் ரஷ்யாவையும் கண்டு, 1932 நவம்பரில் திரும்பினார். அடுத்த மாதமே சிங்காரவேலரின் துணையோடு ஈரோட்டில் சமதர்ம வேலைத் திட்டம் வகுக்கப்பட்டது. 1933இல் ஆட்சிமுறையைக் கண்டித்து எழுதப்பெற்ற தலையங்கத்திற்காகப் பெரியாரும், வெளியீட்டாளராயிருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைத் தண்டனை பெற்றனர். பகத்சிங் சிறையிலிருந்து எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரையை ஜீவானந்தம் மொழிபெயர்க்க, அதுவும் இவ்வியக்கத்தாரால் வெளியிடப்பட்டது. பெர்ட்ரண்ட் ரசல் 1927இல் இலண்டனில் தாம் கிறிஸ்தவன் அல்லாமைக்குக் காரணம் கூறி ஆற்றிய சொற்பொழிவும் இவ்வாறே தமிழுக்கு வந்தது.

இந்நூல்கள் கல்லூரிகளுக்காக அச்சிடப்பட்டவை அல்ல. குறைந்த விலையில் விற்கப்பட்டு, படித்தவர் வாசிக்கப் படியாதவர் கேட்டவை. மேலைநாட்டு அரசியற் சிந்தனையை இறையியல் மாணவர் ஆங்கில நூல்களில் தேடிக்கொண்டிருக்க, நமது சபையாரின் பாட்டன்மார் அதனைத் தமிழில் தறிக்கூடத்திலேயே கேட்டிருந்தனர். ஆயர் ஒரு மொழியிலும் மக்கள் வேறு மொழியிலும் சிந்திக்கும் நிலை இங்ஙனம் உண்டாயிற்று.

2. பார்மனும் பவானியும்

முதியவரின் கேள்விக்குப் பின் அவ்வறிக்கையைத் தேடி வாசித்தோம். வாசித்தபோது வெட்கமுற்றோம். மனிதனை வயிறாகச் சுருக்குகிறது என்று நாம் குற்றஞ்சாட்டிய அந்நூல், மனித உறவுகளைப் பண உறவாகச் சுருக்கியது முதலாளியமே என்று குற்றஞ்சாட்டுகிறது. நாம் அதன்மேல் சுமத்திய பழியையே அது வேறொருவர்மேல் சுமத்திக் கொண்டிருந்தது! கிறிஸ்தவ சமதர்மத்தைப் பற்றி அதில் உள்ள பகுதி மிகச் சிறியது. நிலப்பிரபுவோடு குருவானவர் கைகோத்தே நடந்தார் என்பது அதன் சாரம். இதனை மறுப்பதற்கு வேத வசனங்களைக் காட்டிலும் நமது சபை வரலாறே முதலில் தேவைப்படுகிறது.

அறிக்கையை எழுதியவருள் ஒருவரான பிரீடரிக் எங்கெல்ஸ், 1820இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் பிறந்தவர். பார்மன் நெசவுத் தொழில் நகரம். பக்தி இயக்கத்தில் ஊறிய சீர்திருத்தத் திருச்சபையினர் நிறைந்த ஊர். அவர் தந்தையார் ஆலை முதலாளி, இறைப்பற்று மிக்கவர். எங்கெல்ஸ் 18 வயது இளைஞராயிருந்தபோது, 1839இல், தம் ஊரைப் பற்றிப் பெயர் வெளியிடாமல் சில கட்டுரைகளை எழுதினார். ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் முதலாளிகளின் ஆலைகளில் சிறுவர் பள்ளி செல்லாமல் உழல்வதையும், அதனைப் பிரசங்கியார் கண்டுகொள்ளாததையும் அவற்றில் சுட்டிக் காட்டினார். அவர் திருச்சபையை விட்டு விலகியதற்குப் பல காரணங்கள் உண்டு. தத்துவ நூல்களும் அவற்றுள் அடங்கும். ஆயினும் நெசவாளரின் குழந்தைகளைக் காணாத அருளுரைகளும் அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறைக்க இயலாது.

இதனைப் பவானியில் இருந்துகொண்டு வாசிக்கையில் நமக்கு உறுத்தல் உண்டாகாமல் இருக்குமா? முதலாளியிடம் நூலிழை பெற்றுக் கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் நமது மக்கள். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. எனினும் விசைத்தறியில் நெய்த மலிவான போலிகளோடு போட்டியிட இயலாமல் கைத்தறியை விட்டவர் பலர். அவர்களின் கூலியைப் பற்றி நமது பிரசங்க பீடம் எத்தனை முறை பேசியிருக்கிறது? ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலை வாசிக்கும் நாம் அதனைப் பேசியிருந்தால், வேறொருவர் வந்து பேச வேண்டிய இடம் இத்துணைப் பெரிதாக இருந்திராது.

3. நம்மைத் தீர்க்கும் ஒரு நூல்

ஈரோட்டு வெளியீடுகளுள் திருச்சபை கட்டாயம் வாசிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1936இல் இலாகூரில் ஒரு சங்கத்தின் மாநாட்டிற்காக டாக்டர் அம்பேத்கர் தலைமையுரை தயாரித்தார். அதன் கருத்துகளை ஏற்க இயலாமல் சங்கத்தார் மாநாட்டையே கைவிட்டனர். அம்பேத்கர் தம் செலவிலேயே அவ்வுரையை 1,500 படிகள் அச்சிட்டார். அது தமிழில் மிக விரைவில் வெளிவந்தது. 'ஜாதியை ஒழிக்க வழி' என்னும் பெயரில் குடி அரசு பதிப்பகம் அதனைப் பரப்பியது.

இந்து சமுதாயத்தை நோக்கி எழுதப்பெற்ற நூல் என்று கூறி நாம் அதனைக் கடந்து செல்லலாகாது. 1833இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டுமென்று ஆணையிட்டார். தஞ்சைச் சபைகளில் பலர் அதனை ஏற்க மறுத்தனர். கொங்கு நாட்டில் 1830இல் இலண்டன் மிஷன் பணி தொடங்கியது. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை என ஒருமைப்பாட்டின் படிகளை நாம் ஏறி வந்துள்ளோம். ஆயினும் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் அவ்வொருமைப்பாடு எவ்வளவு காணப்படுகிறது என்பதை ஒவ்வொரு ஆயரும் அறிவார். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நமக்கு, சாதி தானாக மறையாது, அதன் வேரை அறுக்க வேண்டும் என்னும் அந்நூலின் வாதம் கிறிஸ்தவரல்லாத ஒருவர் மூலம் வந்த கண்டிப்பாகும். தேவன் தம் மக்களைக் கண்டிக்க வெளியாரையும் பயன்படுத்துவார் என்பது திருமறை அறிந்த உண்மையே.

4. வாசித்தல் வேறு, வணங்குதல் வேறு

இங்கு ஓர் ஐயம் எழலாம். இத்தகைய நூல்களை வாசிக்கும் மாணவர் விசுவாசத்தை இழந்துவிடாரோ? தானியேலின் நூல் இதற்கு விடை தருகிறது. அவரும் அவர் தோழர்களும் கல்தேயரின் எழுத்தையும் கல்வியையும் கற்றனர். ஆனால் அத்தோழர்கள் அரசன் நிறுவிய பொற்சிலைக்குமுன் பணியவில்லை. பாபிலோனின் ஏடுகளைக் கற்றவர்களே பாபிலோனின் சிலையை இன்னதென்று அறிந்துகொண்டனர்.

கருத்தியல் எதுவும் சிலையாக மாறக்கூடும். பெரியார் ரஷ்யாவைக் கண்டு திரும்பிய 1932ஆம் ஆண்டிலேயே உக்ரேனில் பெரும் பஞ்சம் தொடங்கியது. அரசின் தானியக் கொள்முதல் கொடுமையால் பல இலட்சம் உழவர் மடிந்தனர். சமதர்மத்தின் பெயரால் இயங்கிய அரசு உழவரைப் பட்டினியிட்டது. ஸ்டாலினின் கொடுமைகளை 1956இல் அக்கட்சித் தலைவரே எடுத்துரைத்தார். 1991இல் அவ்வரசும் மறைந்தது. பாவம் சொத்துடைமையில் மட்டும் குடியிருப்பதன்று, புரட்சி செய்பவரின் உள்ளத்திலும் குடியிருக்கிறது என்னும் நமது கோட்பாடு இங்கு பயன்படுகிறது. நூலை வாசித்தவருக்கே இம்மறுப்பைக் கூறும் உரிமை உண்டு.

நாட்டுப்பற்றும் சிலையாகலாம். எங்கெல்ஸ் பிறந்த அதே பார்மனில், 1934 மே மாத இறுதியில், லுத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் கூடினர். கார்ல் பார்த் பெரும்பாலும் எழுதிய ஆறு கூற்றுகளை ஏற்று, திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, அரசும் அதன் கருத்தியலும் அவ்விடத்தைப் பெற இயலாது என அறிக்கையிட்டனர். எனினும் யூதர் நிலையைப் பற்றி அவ்வறிக்கை வாய் திறக்கவில்லை. பிற்காலத்தில் பார்த் அதனைத் தம் குறையென்றே ஒப்புக்கொண்டார். உலக நடப்பை உணர்ந்தவர்களும் பாதியளவே உணரக்கூடும் என்பதற்கு இது சான்று.

5. செய்யத் தகுவன

இத்தகைய நூல் எதனைக் கையில் எடுப்பினும் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். இந்நூல் யாருடைய துன்பத்திலிருந்து பேசுகிறது? அது நம்மீது சுமத்தும் குற்றத்தில் எப்பகுதி உண்மை? எந்த இடத்தில் அது கடவுளுக்குரிய இடத்தை மனிதருக்கோ கட்சிக்கோ நாட்டிற்கோ அளிக்கிறது? முதற் கேள்வி அன்பையும், இரண்டாவது மனந்திரும்புதலையும், மூன்றாவது விசுவாசத்தையும் சார்ந்தது. மூன்றாவதை முதலில் கேட்பதே நமது வழக்கமான தவறு.

தமிழில் நூல்கள் இல்லை என்று கூறுவதற்கில்லை. இரங்கூனில் வாழ்ந்து, 1942இல் போரின் காரணமாகப் பர்மாவிலிருந்து கால்நடையாகவே தாயகம் திரும்பிய வெ. சாமிநாத சர்மா, பிளாட்டோவின் அரசியலையும் ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் எளிய தமிழில் தந்துள்ளார். உலக நாடுகளைப் பற்றியும் பல நூல்கள் இயற்றினார். ஒவ்வொரு குருசேகரத்திலும் மாதம் ஒருமுறை ஆயரும் சபையாரும் கூடி இத்தகைய நூல் ஒன்றன் ஓர் அதிகாரத்தையேனும் வாசித்து உரையாடலாம். வாசியாத நூலைப் பிரசங்க பீடத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பதில்லை என்று மாணவர் இப்பொழுதே தீர்மானம் செய்துகொள்ளலாம்.

சில மாதங்களுக்குப்பின் அதே பொருளில் நாம் மீண்டும் அருளுரை ஆற்றினோம். முன்னர்க் கூறியது தவறென்று முதலில் அறிக்கையிட்டு, பின்னர் நாம் ஏற்பதையும் ஏற்க இயலாததையும் எடுத்துரைத்தோம். வாயிலில் அம்முதியவர் நம் கையைப் பற்றி, "எனக்கு ஒத்துவராதது ரெண்டு இருக்குதுங்கய்யா, தறிக்கு வாங்க, பேசலாம்" என்றார். சென்றோம். அவ்வுரையாடலில் அவரிடம் கற்றவற்றிற்குப் பின்னரே, அச்சபையில் நமது போதகப் பணி மெய்யாகத் தொடங்கியது எனலாம்.