மாடு மேய்க்கத் தெரியுமா?

குழந்தைகளே, வீட்டுப்பாடம் எழுதாமல் போய், "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று திட்டு வாங்கியிருக்கிறீர்களா? ஆசிரியராக இருந்தபோது நானும் அப்படித் திட்டியிருக்கிறேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "எங்க அப்பா மாடுதான் சார் மேய்க்காங்க. அது அவ்வளவு லேசா சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவனோடு கிளம்பினேன். கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரம். பிசான அறுவடை முடிந்த வயலில் நூறு மாடுகள் படுத்திருந்தன. இதற்குத்தான் 'கிடை போடுவது' என்று பெயர். மந்தையை ராத்திரி தன் வயலில் தங்க வைப்பதற்கு வயல்காரர் கூலி தருவார். முன்பு நெல் அளந்தார்கள், பிறகு பணமானது.

கூலி எதற்கு? கணக்குப் போடுங்கள். ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் போடும். 100 மாட்டுக்கு 1,000 கிலோ. பாதி இரவில் விழுந்தாலும் 500 கிலோ எரு! அள்ள வேண்டாம், வண்டி வேண்டாம். தொழுவத்தில் வீணாகும் கோமியமும் நேரே மண்ணில் இறங்கும். அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து இருக்கிறது.

மாடுகள் படுத்தாலும் மேய்ப்பவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு மாடு விலகிப் பக்கத்து வயல் பயிரில் வாய் வைத்தால் வம்பு. மணிச் சத்தத்தைக் கேட்டே, "செவலை எந்திரிச்சிட்டா" என்றார் பையனின் அப்பா.

நடுராத்திரி டார்ச் அடித்து ஒரு மாட்டின் அருகே நின்றார். "வாத்தியாரய்யா, மத்ததெல்லாம் அசைபோடுது. இது போடல. உடம்புக்குச் சரியில்ல" என்றார். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. பகலில் மேய்ந்ததைப் பிறகு வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அறிவியல் பாடத்தில் இதை நான் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால், அந்த இருட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

சிவகங்கைப் பக்கத்தில் புலிக்குளம் மாடுகளை இப்படித்தான் மந்தையாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிடை போடுவார்கள். மேய்ச்சல் நிலம் சுருங்கி, ரசாயன உரமும் டிராக்டரும் வந்தபின் கிடைகள் குறைந்துவிட்டன.

அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்களை 'கௌபாய்' என்று சொல்லிச் சினிமா எடுத்தார்கள். நம் ஊரிலும் கதை உண்டு. கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன், ஆட்டுக்கிடையை வைத்து 'கிடை' என்ற குறுநாவல் எழுதினார். அது 2003-ல் 'ஒருத்தி' என்ற படமானது. பழந்தமிழில் 'மாடு' என்றால் செல்வம் என்றும் பொருள். திருக்குறளிலும் அப்படி வருகிறது.

திங்கட்கிழமை பையன் கேட்டான்: "லேசா சார்?" "இல்லப்பா" என்றேன். அதன்பிறகு அந்த வசவை நான் சொன்னதே இல்லை.

உங்கள் ஊரில் மாடு மேய்ப்பவர் யாராவது இருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை போய், அவர் தம் மாடுகளுக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதி வாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்வார்!