தேவனாம்பட்டினக் கோட்டையும் குண்டு கிராமங்களும்

ஆங்கிலேயர் காலத்துக் கடற்கரை நகரம் ஒன்றை ஒரே பகலில் பார்த்துத் திரும்ப விரும்புவோர் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை; சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்து வடக்கே சென்றால் வரும் கடலூரில், கெடில ஆறு கடலோடு சேருமிடத்துக்கு அருகே, கிழக்கிந்தியக் கம்பெனியின் செயின்ட் டேவிட் கோட்டை நின்ற தேவனாம்பட்டினம் இருக்கிறது.

முகலாயரோடு செஞ்சியில் போரிடப் பொருள் தேவைப்பட்ட மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து 1690-இல் இக்கோட்டையைக் கம்பெனிக்காக விலைக்கு வாங்கியவர், அப்போது சென்னை ஆளுநராயிருந்த எலிஹு யேல் ஆவார். அவருடைய முன்னோர் வேல்ஸ் நாட்டினர் என்பதால்தான் அந்நாட்டின் காவற்புனிதரான டேவிட்டின் பெயர் கோட்டைக்கு வந்தது என்பர். விற்பனையில் எல்லை குறித்த முறை வியப்புக்குரியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் நாற்புறமும் சுட்டு, குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கே உரியது என்று முடிவாயிற்று. அந்நிலத்தில் காலங்காலமாகக் குடியிருந்தோரின் இசைவை ஒரு பொருட்டாகவே கருதாத இந்த ஏற்பாட்டின் வழியே சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின், 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே. ராபர்ட் கிளைவ் 1756-இல் இங்கு ஆளுநர் பொறுப்பேற்றார். இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைக் கைப்பற்றித் தகர்த்தார். 1783 ஜூனில் கடலூருக்காக இரு தரப்பும் நிலத்திலும் கடலிலும் மீண்டும் மோதின. ஐரோப்பாவில் அவ்விரு நாடுகளும் முதற்கட்ட அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோ அவ்வாண்டு ஜனவரியிலேயே. செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் நூற்றுக்கணக்கானோர் வீணே மாண்டனர் என்பது இந்நகரின் வரலாற்றில் நெஞ்சை மிகவும் வருத்தும் பகுதியாகும்.

இன்று வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்க வருவோருள் பலர், அருகே ஆற்றோரமாகச் சிதைந்து கிடக்கும் கட்டடப் பகுதிகளைப் பாராமலே திரும்புகின்றனர். எஞ்சியவற்றைப் பேணி, வரலாற்றைத் தமிழில் விளக்கும் பலகைகளை அங்கு நிறுவுவது இனியும் தள்ளிப்போடத்தக்க பணியன்று. மஞ்சக்குப்பத்தில் கம்பெனி ஆளுநர்கள் தங்கிய, பின்னர் மாவட்ட ஆட்சியரின் இல்லமாகப் பயன்பட்ட தோட்ட மாளிகையும், 1918-இல் புதுச்சேரியிலிருந்து வெளியேறியதும் கைதான பாரதியார் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அடைபட்டிருந்த சிறையுள்ள கேப்பர் மலையும் காணத்தக்கவை.

பொழுதிருந்தால், திரும்பும் வழியில் சற்றே கிழக்கே விலகிப் பரங்கிப்பேட்டைக்கும் செல்லலாம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றது அங்கேதான். அதற்கு இரு வாரங்களுக்கு முன்பு, ஹைதரின் வீரர்கள் அரணாகக் கொண்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய அதே கூட், அதைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியிருந்தார்.