ஓட்டமே கொடாத ஓவர்

ஞாயிறு மாலையொன்றில் ஆனையூரில் சிறுவர் கிரிக்கெட் ஆடும் திடலோரம் நின்றிருந்தோம். ஒரு சிறுவன் ஆறு பந்துகளையும் ஓட்டம் கொடாது வீசி முடிக்க, “மெய்டன்!” எனத் தோழர்கள் ஆர்ப்பரித்தனர். அருகில் நின்ற அவன் தந்தை, “மெய்டன் என்றால் முதலாவது என்றல்லவா பொருள்? இது அவனுக்கு இரண்டாவது ஓவர் ஆயிற்றே?” என நம்மை வினவினார்.

நியாயமான ஐயமே. மெய்டன் என்னும் ஆங்கிலச் சொல் கன்னிப்பெண்ணைக் குறிப்பது. அதினின்று இரு பொருள்கள் கிளைத்தன. ஒன்று, முதலாவது என்பது. சட்டமன்றத்தில் புதிய உறுப்பினரின் முதற்பேச்சைக் கன்னிப்பேச்சு என்கிறோம். ஆட்டக்காரரின் முதற்சதமும் மெய்டன் சதமே. மற்றொன்று, பிறர் கைப்படாதது என்பது. பகைவர் என்றுமே கைப்பற்றாத கோட்டையையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் குறித்தனர். ஓவருக்குப் பொருந்துவது இந்த இரண்டாம் பொருளே.

பந்து வீச்சாளரின் கணக்கில் ஓட்டம் ஏறாத ஓவரே மெய்டன். பை, லெக் பை ஓட்டங்கள் அவர் கணக்கில் சேரா. ஆதலின் அவற்றால் மெய்டன் கெடாது. வைடு, நோபால் வந்தால் கெடும். கணக்கெழுதுவோர் ஓட்டமற்ற ஆறு பந்துகளுக்கும் ஆறு புள்ளிகள் வைத்து, அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ என்னும் எழுத்தாக்குவர். விக்கெட்டும் வீழ்ந்திருப்பின் ‘டபிள்யூ’ ஆக்குவர்.

இக்கலையின் சிகரம் நம் தமிழ்நாட்டிலேயே எட்டப்பட்டது. 1964 ஜனவரியில் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் இங்கிலாந்துக்கு எதிராகப் பாபு நட்கர்னி 32 ஓவர்கள் வீசினார். அவற்றுள் 27 மெய்டன்கள். கொடுத்த ஓட்டங்கள் 5. தொடர்ந்து 21 மெய்டன்கள், 131 பந்துகள் ஓட்டமின்றிச் சென்றன! ஆடுகளத்தில் நாணயம் ஒன்றை வைத்து, அதன்மீதே பந்து விழுமாறு பயின்றவர் அவர் என்பர்.

ஆயினும் அந்த இன்னிங்ஸில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. 5 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் போர்டே. ஆட்டமும் வெற்றிதோல்வியின்றி முடிந்தது. அத்தொடரின் ஐந்து டெஸ்டுகளுமே அவ்வாறுதான் முடிந்தன. தடுத்தல் மட்டும் வெற்றி தராது என்பது மெய். எனினும் ஒரு முனையில் ஓட்டம் அடைபட்டால், மறுமுனையில் மட்டையாளர் அவசரப்படுவர். விக்கெட் அங்கே விழும். பெயர் அங்குள்ளவருக்குச் சேரும்.

இவற்றைக் கேட்டிருந்த தந்தை, விக்கெட் கிட்டவில்லையென வாடி வந்த மகனின் தோளைத் தொட்டு, “இரண்டாவது ஓவர் நன்றாயிருந்ததடா” என்றார். அடித்தவனையும் வீழ்த்தியவனையும் மட்டுமே மெச்சிப் பழகிய நாம், தடுத்தவனையும் இனி ஒரு சொல் பாராட்டுவோமாக.