திருப்பி அனுப்பத் தெரிந்த விடுதி

நாய் போர்டிங் விடுதிக்குப் போன் செய்து, நாளைக்கே கொண்டுவந்து விடலாமா என்று கேட்கிறோம். "தாராளமா கொண்டாங்க சார், எத்தனை நாள்?" என்று பதில் வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். ஆனால் அதே பதில் அன்று காலையிலிருந்து போன் செய்த எல்லாருக்கும் சொல்லப்பட்டிருக்கும். ஊசி போட்டிருக்கிறதா, இருமல் இருக்கிறதா, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நம் நாயை உள்ளே விடுகிறவர்கள், பக்கத்துக் கூண்டு நாயையும் அப்படித்தான் உள்ளே விட்டிருப்பார்கள். ஏசி அறை, நீச்சல் தொட்டி, வேளைக்கு ஒரு வீடியோ என்று விளம்பரத்தில் வருவதை வைத்து நாம் விடுதியை எடைபோடுகிறோம். நான் இங்கே வாதிட விரும்புவது வேறு அளவுகோலுக்காக: ஒரு விடுதி யாரை, எதற்காகத் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். அதன் தரம் அங்கே தெரியும்.

பார்வோ வைரஸை எடுத்துக்கொள்வோம். 1970களின் கடைசியில் உலகமெங்கும் பரவிய இந்த நோய், தடுப்பூசி போடாத குட்டியை ரத்தப்பேதியால் சில நாட்களிலேயே கொன்றுவிடக்கூடியது. நோயுள்ள நாயின் மலத்தில் வெளியேறும் கிருமி தரையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் செருப்படியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றித் துடைத்தால் அது சாகாது; சரியான அளவில் கலந்த பிளீச்சிங் கரைசல் போல வீரியமானது வேண்டும். அதைவிடச் சங்கடம், தொற்றிய நாய் வாந்தியும் பேதியுமாகப் படுப்பதற்கு முன்பே கிருமியை வெளியேற்றத் தொடங்கிவிடும். வாசலில் வாலாட்டித் துள்ளும் நாயைப் பார்த்து, இது ஆரோக்கியமானது என்று எந்த அனுபவசாலியாலும் அடித்துச் சொல்ல முடியாது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று தடுப்பூசிப் புத்தகம் ஒன்றுதான். பொறுப்பான விடுதியில் அதைச் சும்மா புரட்டிவிட்டுத் திருப்பித் தரமாட்டார்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதிலுள்ள பேட்ச் எண், பக்கத்தில் ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, அடுத்த ஊசிக்கான தேதி என்று விரல் வைத்துப் படிப்பார்கள், படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். முதல் ஊசியே முந்தாநாள்தான் போட்டது என்றால் மறுப்பார்கள். ஊசி மருந்து உடம்பில் எதிர்ப்புச் சக்தியாக மாற ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ரேபிஸ் ஊசிதான் போட்டாச்சே என்று சிலர் வாதாடுவதுண்டு. ரேபிஸ் ஊசி பார்வோவையோ டிஸ்டெம்பர் என்ற இன்னொரு தொற்றுநோயையோ தடுக்காது, அவற்றுக்குக் கூட்டு ஊசி தனி. எலி நடமாடும் இடத்தில், அதுவும் மழைக்காலத்தில், லெப்டோவுக்கான ஊசியும் முக்கியம், ஏனென்றால் எலிக்காய்ச்சல் என்ற பெயரில் அது மனிதருக்கும் வரும்.

உண்ணி விஷயம் இன்னும் நுட்பமானது. நம் ஊர் நாய்களிடம் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி, புல்வெளி இல்லாமல் கட்டடத்துக்குள்ளேயே தன் வாழ்க்கைச் சுற்று முழுவதையும் முடித்துக்கொள்ளும். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயின் உடம்பிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலைச் சந்திலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு நாய் கொண்டுவந்தது அடுத்த பல மாதங்களுக்கு அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கும். எர்லிக்கியா, பாபேசியா போன்ற, நாம் 'டிக் ஃபீவர்' என்று மொத்தமாகச் சொல்லும் நோய்கள் இதன் வழியாகத்தான் வருகின்றன. கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், வீடு திரும்பிய நாய் சோர்ந்து படுக்கும்போது விடுதியின் நினைவே நமக்கு வருவதில்லை. ஆகவே வாசலில் நின்று நாயின் காதை மடித்துப் பார்த்து, கால்விரல் இடுக்கைப் பிரித்து, கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலை ஓட்டி, உண்ணி இருந்தால் "மருந்து போட்டுட்டு வாங்க" என்று சொல்லும் ஆள் நம்மைச் சிரமப்படுத்துவதாகத் தோன்றலாம். நமக்கு முன் வந்த ஒவ்வொரு நாயையும் அவர் அப்படிப் பார்த்திருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். விடுதியைப் பார்க்கப் போகும்போது சுவரின் கீழ்விளிம்பையும் கூண்டு மூலையையும் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் மிளகு போல ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடலாம்.

நோய்க்கு அப்பாலும் மறுப்புக்கு வேலை இருக்கிறது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கு சப்பையான பக், ஷிட்ஸு, புல்டாக் வகைகளுக்கு அதுவும் கஷ்டம். மே மாதத்தில், ஷீட் கூரைக்கு அடியில், மின்தடை வந்தால் மாற்று வசதி இல்லாத இடத்தில் பக் நாயை ஏற்றுக்கொள்வது பெரும் ஆபத்து. அதை உணர்ந்து 'இந்த மாசம் வேண்டாம்' என்று சொல்பவர் நேர்மையானவர். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் ஓடவும் தாவவும் பிறந்தவை. இடுப்பளவு மதில் உள்ள இடம், அதுவும் தீபாவளி வெடிச்சத்தத்தில், அவற்றை ஒருபோதும் பிடித்துவைக்காது. சூட்டுக்கு வந்த பெட்டையை மற்ற நாய்களோடு சேர்க்கமாட்டோம் என்பதும், இத்தனை நாய்க்கு மேல் பண்டிகையானாலும் எடுக்கமாட்டோம் என்பதும் இதே வகை. இரவில் ஆள் தங்குகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறப்பவரால் அதைக் காப்பாற்ற முடியாது.

உள்ளே வந்து பார்க்க அனுமதி கிடையாது, வெளியாள் வந்தால் தொற்று வரும் என்று சில விடுதிகள் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் தொற்றுக்கு அஞ்சும் இடம் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, ஒரு நேரம் குறித்து அழைத்துப்போகும். ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிட்டு மொபைலில் வீடியோ அனுப்புகிறோம் என்றால் ஏற்க வேண்டியதில்லை. வாடையை வீடியோ காட்டாது, தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் படிந்த பாசியையும் காட்டாது. கழுவிய தரை எந்தப் பக்கம் வடிகிறது, ஒரு கூண்டின் கழிவுநீர் அடுத்த கூண்டு வழியாக ஓடுகிறதா என்பதை நின்றுதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, தப்பு நடந்தால் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது, ஆனால் அது நாய்க்குக் கேடு வந்த பிறகே வாய் திறக்கும், அப்போதும் மெல்லவே பேசும். இங்கிலாந்தில் நிலைமை வேறு; 2018ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் விடுதி நடத்த உள்ளாட்சி உரிமம் வேண்டும். நேரில் ஆய்வு செய்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரமும் தருகிறார்கள். நம் நாட்டில் நாய் இனப்பெருக்கத்துக்கு 2017இலும் செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இலும் மத்திய விதிகள் வந்தன. சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கென்று அப்படியொரு தனி விதித்தொகுப்பு இல்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நம்பத்தான் முடியவில்லை, ஆனால் சட்டத்தில் இன்றும் அந்தத் தொகைதான் இருக்கிறது. விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்கு, கெடுக்கும் எண்ணமோ கெடும் என்ற அறிவோ நிரூபிக்கப்பட வேண்டும். மறந்துபோய்த் தண்ணீர் வைக்காமல் விட்டவரிடம் அதை நிரூபிப்பது கடினம்.

கவனக்குறைவுக்கு நமக்கு உண்மையில் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். நாய் அன்புக்குரியது என்றாலும் சட்டத்தின் கண்ணில் உடைமை. அதை ஒருவரிடம் விட்டுச்செல்வது ஒப்படைப்பு. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனத்தோடு அதைப் பார்க்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. சேதம் நேர்ந்துவிட்டால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அதைப் பெற்றுக்கொண்டவருடையது. 163ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஒப்படைத்த பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். விடுதியில் சினையாகிக் குட்டி போட்டால் குட்டிகள் யாருக்கு என்ற தகராறுக்கு விடை அங்கேயே இருக்கிறது. இன்னொன்று, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், விடுதி வேறு ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஆப் வழியாகப் பதிவு செய்திருந்தால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

"எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன செய்ய முடியும் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி கவனக்குறைவையெல்லாம் கழுவிவிடாது. சேவைக் குறைபாடு இருந்ததா என்று ஆணையம் விசாரிக்கும். ஒருதலைப்பட்சமான நிபந்தனையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மாநில ஆணையத்தின் முன் எதிர்க்கவும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனாலும் அப்படிப்பட்ட தாளை நீட்டும் விடுதியைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பதுதான் நல்லது. எழுதி வாங்க வேண்டியவை வேறு. எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள், போன் எடுக்காவிட்டால் எவ்வளவு ரூபாய் வரை சிகிச்சைக்குச் செலவழிக்கலாம், எந்த மருந்து எந்த வேளை, மற்ற நாய்களோடு விளையாட விடலாமா, தரும்போது எடை என்ன என்பதெல்லாம் தேதியோடும் இரு தரப்புக் கையெழுத்தோடும் இருக்கட்டும்.

இங்கே நம் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. சாப்பிடும்போது கிட்டே போனால் கடிக்கும், போன மாசம் வலிப்பு வந்தது என்பதையெல்லாம், சேர்க்கமாட்டார்களோ என்ற பயத்தில் மறைக்கிறோம். கடிபடுவது அங்கே கூலிக்கு வேலை செய்யும் ஒரு பையனாக இருக்கலாம். உண்மையைச் சொன்னால் இடம் கிடைக்காதே, ஒழுங்கான விடுதிக்குக் கட்டணமும் கூடுதலாயிற்றே என்ற கவலை நியாயமானதுதான். கண்டிப்பான இடங்கள் குறைவு, பண்டிகை நேரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால்தான் டிக்கெட் எடுக்கும்போதே விடுதியையும் பேசிவைக்க வேண்டும், பயணத்துக்கு முன் ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். இடமே கிடைக்காத முதிய நாய்க்கும் நோயாளி நாய்க்கும் பழகிய ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வது நல்ல வழி. மூன்று நாள் சோற்றை வைத்துவிட்டு மொட்டைமாடியில் கட்டிப்போட்டுப் போவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவரின் கடமையைச் சொல்லும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரையும்தான் கட்டுப்படுத்துகிறது.

விடுதியில் நாய் இறந்துவிட்டால், துக்கத்தில் உடனே புதைத்துவிடுவதுதான் வழக்கம். காரணம் தெரிய வேண்டுமானால் பிரேதப் பரிசோதனை வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். அதுவரை உடலைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக வைத்திருங்கள், உறையவைக்க வேண்டாம். உறைந்தால் திசுக்கள் சிதைந்து பரிசோதனைக்கு உதவாமல் போகும். சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள்.

நல்லபடியாகத் திரும்பி வந்த நாயையும் மூன்று வாரம் கவனித்தபடி இருங்கள். வந்த அன்றே எடை போட்டு, உடம்பைத் தடவிப் பார்த்து, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். காய்ச்சல், சாப்பிட மறுப்பது, மூக்கில் ரத்தம், ஈறு வெளிறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். எங்கே எத்தனை நாள் தங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.