யோசனை இருக்கிறது, யாரைத் தெரியும்?

ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படியொரு தெருவைத் தாண்டி இருக்கும் நம் குடியிருப்பில், பாலிடெக்னிக் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். அவளுடைய அம்மா விசைத்தறி ஓட்டுகிறவர். வாரம் எத்தனை மீட்டர் நெய்தார், மீட்டருக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதி வைத்த கணக்கு அது. பட்டறைக் கணக்கோடு ஒத்துப்போகாத வாரங்களைச் சிவப்பு மையில் சுழித்திருந்தாள். இதையே கைபேசிச் செயலியாகச் செய்தால் தறி ஓட்டும் எல்லோருக்கும் உதவும் என்பது அவள் எண்ணம்.

"செஞ்சுடலாம்ணா. ஆனா, இதுக்கு யாரைப் போய்ப் பாக்கறதுங்க?" என்றாள்.

யோசனைக்கு நம் தெருக்களில் பஞ்சமில்லை. பஞ்சம் அந்த 'யாரை' என்பதில்தான் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. மாமா பெங்களூருவில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பார். அப்பாவின் நண்பர் ஆடிட்டராக இருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதலீடு செய்பவராக இருப்பார். தொழில் உலகம் 'தொடர்பு வலை' என்று சொல்வதில் பெரும்பகுதி நம் நாட்டில் உறவு வலை. உறவு வலை என்பது சாதி வலை.

இது வெறும் ஆதங்கம் அல்ல. நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2012இல் வெளிவந்தது. இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்வதில்லை. அதனால் இங்கே "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற இரண்டு கேள்விகள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

அண்ணல் அம்பேத்கரே இதை அனுபவித்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் திரும்பிய அவர், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை நன்றாகவே இருந்தது. சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரத்து நின்றுபோனது. அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, வலைதான் அறுந்தது.

உறவு வழியாகத் திறக்காத கதவுகளை அமைப்பு வழியாகத்தான் திறக்க வேண்டும். தலித் தொழில்முனைவோர் ஒருவருக்கொருவர் அறிமுகமாக மிலிந்த் காம்ப்ளே 2005இல் புனேயில் தொடங்கிய 'டிக்கி' கூட்டமைப்பு தமிழ்நாட்டிலும் இயங்குகிறது. தமிழ்நாடு அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' நிறுவனம் தொழில் வல்லுநர்களை இளம் தொழில்முனைவோரோடு இணைத்து வைக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் புத்தொழில்களுக்கென 2022-23 நிதிநிலை அறிக்கையில் 30 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு அது 50 கோடியானது. இது கடனோ மானியமோ அல்ல. அரசு பங்குதாரராக வந்து போடும் முதலீடு. தொழிலை விரிவாக்கும் கட்டத்துக்கு, 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இலிருந்து உள்ளது. மாவட்டத் தொழில் மையத்தில் இதைக் கேட்கலாம்.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் ஒரு சாட்சி. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் இருவரும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் அதற்கொரு இயந்திரம் செய்ய முனைந்தார்கள். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் அவர்களைத் தாங்கிப் பிடித்தது. மாநிலக் குடிநீர் ஆணையம் தன் குழிகளைச் சோதனைக்குத் திறந்துவிட்டது. 2018இல் 'பேண்டிகூட்' ரோபோ திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறங்கியது. குழியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கே அதை இயக்கவும் பயிற்சி தரப்பட்டது. அந்த இளைஞர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால், அது கல்லூரிக் கண்காட்சியோடு முடிந்திருக்கும்.

நம் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது? தறிக்கூடத்திலிருந்துதான். தொழில் வல்லுநர் என்றால் கோட்டு போட்டவர் மட்டுமல்ல. நூல் அறுந்து தறி நின்ற நேரத்துக்குக் கூலி உண்டா, பழுதான துணிக்கு யார் கணக்கில் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் தறி ஓட்டும் அம்மாவுக்குத்தான் தெரியும். அடுத்து, முன்பணப் பாக்கியைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இன் கீழ் குற்றமாகலாம். இதை விளக்கத் தொழிற்சங்கத் தோழரோ வழக்கறிஞரோ வேண்டும். அதன்பிறகுதான் நிரல் எழுதத் தெரிந்தவர். படித்த கல்லூரியின் மூத்த மாணவர்களிடம் கேட்டாலே அப்படி ஒருவர் கிடைப்பார்.

பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது எடுத்த எடுப்பில் பணமோ வேலையோ கேட்க வேண்டாம். "இதில் எங்கே தவறு இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிரச்சினை என்ன, யாருக்கு, இதுவரை என்ன செய்து பார்த்தோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். கிளம்பும்போது, "இன்னும் யாரைப் பார்க்கலாம்?" என்று ஒரு பெயராவது வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பெயர் இரண்டாகும், இரண்டு நாலாகும்.

யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. வெறும் யோசனைக்குச் சட்டக் காப்பு இல்லை. எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆகவே பிரச்சினையைத் தாராளமாகப் பேசுங்கள். நிரலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோடாவது கூட்டுச் சேர்ந்தால், பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு செய்தி. கூகுள் பிளே ஸ்டோரில் தனிநபராகப் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்க்க வைக்க வேண்டும். பதிவுக் கட்டணம் ஒரே ஒரு முறை 25 டாலர்.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தெருவில் தறிக்குப் போகிறவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது பெயரோடு நிற்கவில்லை.